தாத்தா ஃப்ரீமேசன், பேத்திக்கு இடமில்லை: சட்டமும் மரபும்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த உங்கள் தாத்தா ஃப்ரீமேசன் சங்கத்தில், அதாவது கொத்தனார் கருவிகளை அடையாளமாகக் கொண்டு சடங்கும் தர்ம காரியமும் நடத்தும் பழைய சகோதர சங்கத்தில், உறுப்பினர். சடங்கில் அவர் கட்டிய வெள்ளை ஏப்ரனும் ஒரு சான்றிதழும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. சேலத்தில் மருத்துவராக இருக்கும் நீங்கள் அதே சங்கத்தில் சேர விரும்பி, மூத்த உறுப்பினர் ஒருவரிடம் விசாரித்தீர்கள். “பெண்களைச் சேர்ப்பதில்லைம்மா, முந்நூறு வருஷ மரபு” என்று அவர் மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். இது சட்டப்படி செல்லுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: மரபு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாதா? உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. சட்டக் கேள்விக்குப் பதில் சின்னது. மரபுக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

நான் சேலம் நீதிமன்றத்தில் சிவில் பக்கம் வேலை பார்க்கும் வக்கீல். சங்கப் பதிவு, பைலா என்ற சங்க விதிகளை எழுதுவது, திருத்துவது, பொதுக்குழுத் தகராறு, கோயில் வரித் தகராறு, இவைதான் பல வருடங்களாக என் மேஜைக்கு வருபவை. ஃப்ரீமேசன் அல்ல. அவர்களுடைய சடங்கு அறைக்குள் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கீழே வரும் சட்டம் தொழிலில் பழகியது, வரலாறு படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சட்டம். அரசியலமைப்பின் 14-வது பிரிவும், 15-வது பிரிவின் முதல் உட்பிரிவும் அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியார் சங்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. 15-ன் இரண்டாம் உட்பிரிவு மட்டும் தனியாரையும் தொடும். கடை, உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறந்த ஊர் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை நுழைய விடாமல் தடுக்கக்கூடாது. கிணறு, குளம், சாலை போன்ற பொது உபயோக இடங்களும் அதில் வருகின்றன. உறுப்பினர்கள் மட்டுமே கூடும் சங்கத்தின் கதவு அந்தப் பட்டியலில் இல்லை. எதிர்ப்பக்கம் 19(1)(சி) நிற்கிறது: சங்கம் அமைக்கும் உரிமை. யாருடன் சேர்வது என்று தீர்மானிப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்பதுதான் இதுவரை நம் நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்த நிலை. 2005-ல் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினராகப் பார்சிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் பைலா செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பலர் விமர்சித்திருக்கிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது. ஆகவே, உங்களைச் சேர்க்கச் சொல்லி லாட்ஜ் (ஃப்ரீமேசன்களின் உள்ளூர்க் கிளைக்கு அதுதான் பெயர்) மீது வழக்குப் போட்டால் ஜெயிக்குமா என்றால், இன்றைய நிலையில் ஜெயிக்காது என்றுதான் சொல்வேன். ஃபீஸ் வாங்கிக்கொண்டு வேறு மாதிரி சொல்பவர்கள் இருக்கலாம்.

அதற்காகத் தனியார் கிளப் என்றாலே சட்டம் உள்ளே வராது என்று நினைத்துவிடக்கூடாது. 2014-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகச் சென்னையில் ஒரு கிளப்புக்குள் விடப்படவில்லை. சட்டமன்றத்தில் கொந்தளிப்பு, அதே ஆண்டில் சட்டமே வந்துவிட்டது. வேட்டி கட்டியதற்காக நுழைவை மறுத்தால் கிளப்பின் உரிமம் ரத்தாகலாம், பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்களின் பழைய உடை விதியும் மரபு என்ற பெயரில்தான் இருந்தது. சட்டமன்றம் மனது வைத்தால் சில வாரங்களில் கை வைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. வேட்டிக்கு வந்த கோபம் பெண் உறுப்பினர்களுக்காக இதுவரை எந்தச் சட்டமன்றத்திலும் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி மரபு. அந்தப் பெரியவர் சொன்ன முந்நூறு வருடம் காற்றில் வந்த கணக்கல்ல. 1717 ஜூன் 24-ல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் கூடி, தங்களுக்குத் தலைமையாகக் கிராண்ட் லாட்ஜ் அமைத்தன என்பது அவர்களுடைய பாரம்பரியக் கணக்கு. அது 1721-ல்தான் நடந்திருக்க வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியும் 1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்து அச்சான விதிநூலில் சந்தேகமே இல்லை. அதில் உறுப்பினர் தகுதி பற்றிய வாசகம் ஏறக்குறைய இப்படி வருகிறது: நல்ல, உண்மையான ஆண்களாக இருக்க வேண்டும், சுதந்திரர்களாகப் பிறந்து, விவரம் தெரிந்த வயதை எட்டியிருக்க வேண்டும், அடிமைகள் கூடாது, பெண்கள் கூடாது, ஒழுக்கம் கெட்டவர்கள் கூடாது. கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு உடல் ஊனமும் இருக்கக்கூடாது என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட மரபின் மூலப்பத்திரம் இதுதான்.

பத்திரத்தை முழுசாகப் படிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதே வாசகத்தில் பெண்களுக்கு முன்னால் அடிமைகள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் சுதந்திரர்களாக இருந்தாலும், சுதந்திரராகப் பிறந்தவர்கள் அல்ல. பழைய வாசகம் அவர்களை உள்ளே விடாது. 1847-ல் இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ் பிறப்பைப் பற்றிய சொல்லை எடுத்துவிட்டு, சுதந்திரமானவராக இருந்தால் போதும் என்று மாற்றியது. உடல் ஊனம் பற்றிய விதியும் பெரும்பாலான இடங்களில் நாளடைவில் தளர்ந்தது. அமெரிக்காவில் ஆல்பர்ட் மேக்கி என்ற மேசன் எழுத்தாளர் 1858-ல் மாற்றவே முடியாத அடிப்படை நெறிகள் என்று 25 விதிகளைத் தொகுத்தார். அதில் 18-வது, பெண்ணுக்கும் ஊனமுற்றவருக்கும் அடிமைக்கும் ஒரே வரியில் தடை போடுகிறது. அவர் அதை எழுதுவதற்கு 11 வருடம் முன்பே இங்கிலாந்தில் அதில் ஒரு பகுதி மாறியிருந்தது. மூன்று பேரைச் சேர்த்து நிறுத்திய வரியில் இரண்டு பேருக்கு வழி விட்டாயிற்று. மூன்றாவது ஆளிடம் மட்டும் இது தொடக்கூடாத மரபு என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

இந்தியர்கள் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் நடந்தது. 1730 வாக்கிலேயே கல்கத்தாவில் லாட்ஜ் வந்துவிட்டது, 1752-ல் சென்னைக்கு. ஆரம்பத்தில் அது கம்பெனி வெள்ளைக்காரர்களின் கூட்டம். ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். நவாப் குடும்பம் என்றால் எல்லாக் கதவும் திறக்கும் காலம் அது. சாதாரண இந்துவுக்குத் திறக்கவில்லை. வங்காளத்தில், மேசன்களின் மாகாணத் தலைவரின் அனுமதியில்லாமல் ஆசியர் யாரையும் சேர்க்கக்கூடாது என்று துணைவிதியே இருந்தது. பிரசன்ன குமார் தத் என்ற வங்காள வணிகர் 1863-ல் மனுப் போட்டு, மறுக்கப்பட்டு, திரும்பத் திரும்பப் போராடி, 1872-ல்தான் உள்ளே போனார். எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் சுவாரசியமானவை. இந்துக்களுக்குப் பல கடவுள்கள், பரம்பொருள் ஒன்றே என்று எப்படிச் சத்தியம் செய்வார்கள்? சாதி பார்ப்பவர்கள் எப்படிச் சகோதரராவார்கள்? எல்லாம் கொள்கை மாதிரியே ஒலிக்கும் காரணங்கள். அடுத்த பத்து, இருபது வருடத்தில் விவேகானந்தரும் மோதிலால் நேருவும் உறுப்பினர்கள். கொள்கைக்கு ஒரு சேதாரமும் வரவில்லை. உங்கள் தாத்தா அந்த ஏப்ரனைக் கட்ட முடிந்ததே, மரபு என்று சொல்லப்பட்ட ஒன்றை யாரோ ஒருத்தர் ஒன்பது வருடம் விடாமல் தட்டியதால்தான்.

பெண்கள் அப்போதே இருந்தார்களா என்பது தனி விவாதம். இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். லண்டனில் கல்வேலைக்காரர் சங்கங்களில் கணவன் இறந்த பிறகு விதவைகள் தொழிலை நடத்தி, பயிற்சியாளர்களை வைத்துக்கொண்டார்கள் என்பதற்குப் பதிவுகள் உண்டு. அயர்லாந்தில் கார்க் பக்கம் டோனரைல் மாளிகையில் எலிசபெத் ஆல்ட்வொர்த் என்ற பெண் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடங்கு செய்து சேர்க்கப்பட்டார் என்பதை அயர்லாந்து மேசன்களே ஒத்துக்கொள்கிறார்கள். சுவரில் செங்கல் தளர்ந்திருந்தது, அந்த ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்த்துவிட்டார், ரகசியம் காக்க வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள் என்பது கதை. ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. அந்தப் பகுதியை நான் சாட்சியமாக ஏற்கமாட்டேன். அப்புறம், யார்க் நகரத்தில் 1693-ஐச் சேர்ந்த ஒரு கைப்பிரதியில், மேசனாக்கப்படும் ‘அவன் அல்லது அவள்’ என்று வருகிறது. இணையத்தில் இதைப் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எழுதியவரின் கைப்பிழை என்று சொல்பவர்களின் வாதமும் பலமானது. இதை வைத்து வாதாடாதீர்கள். உங்கள் பக்கம் இது இல்லாமலே பலமாகத்தான் இருக்கிறது.

“நிஜக் கொத்தனார்கள் ஆண்கள், அதனால் எங்கள் சங்கமும் அப்படி” என்று மேசன்கள் சிலர் சொல்வார்கள். அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோடு பக்கமோ கட்டடம் எழும்பும் எந்த இடத்திலும் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். மணல் சலிப்பது, கலவை குழைப்பது, சும்மாடு வைத்துச் சட்டி தூக்கிச் சாரத்தில் ஏற்றுவது எல்லாம் பெண் சித்தாள். கரண்டியும் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் கொத்தனார் கையில். இருபது வருடம் பக்கத்தில் நின்று கலவை கொடுத்த பெண்ணுக்கு அந்தக் கரண்டி கைமாறுவது அபூர்வம், கூலியும் பாதிதான். வேலையில் பெண் இல்லை என்பது பொய். தொழில் பெயரும் சம்பளமும் கிடைக்கும் இடத்தில் இல்லை என்பதுதான் உண்மை. அந்த மூலைமட்டத்தையும் தூக்குக்குண்டையும்தான் லாட்ஜ்காரர்கள் ஒழுக்கத்தின் அடையாளமாக மார்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, இவ்வளவு இருந்தும் உள்ளூர் லாட்ஜ் ஏன் மாற்றிக்கொள்ள முடியாது? உங்களிடம் பேசிய பெரியவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் நினைத்தாலும் முடியாது. 1929-ல் இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ் வேறு நாட்டு கிராண்ட் லாட்ஜ்களை அங்கீகரிப்பதற்கு எட்டு நிபந்தனைகளை வகுத்தது. அதில் ஒன்று, உறுப்பினர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களைச் சேர்க்கும் அமைப்புகளோடு எந்தத் தொடர்பும் கூடாது. இந்தியாவின் கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றின் ஆசியோடு அமைந்தது. அந்த அங்கீகாரம்தான் அவர்களுடைய சொத்து. இங்கிருந்து போகும் உறுப்பினர் எடின்பரோவில் ஒரு லாட்ஜில் உட்கார முடிவது அதனால்தான். ஒரு லாட்ஜ் தனியாகத் தீர்மானம் போட்டு உங்களைச் சேர்த்தால் மறுநாள் அது லாட்ஜாகவே இருக்காது. சங்கப் பதிவுச் சட்டப்படி பதிந்த சாதாரணச் சங்கம் என்றால் சிறப்புத் தீர்மானம் போட்டு பைலாவைத் திருத்தி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் வேலை முடிந்தது. இங்கே பூட்டு சேலத்தில், சாவி லண்டனில்.

அந்த லண்டன்கூட அசையாமல் இல்லை. பெண்களுக்கென்றே நடக்கும் இரண்டு மேசன் அமைப்புகள் இங்கிலாந்தில் உண்டு. பெண்களைச் சேர்ப்பது என்ற ஒன்றைத் தவிர அவர்களுடைய நடைமுறை ஒழுங்கானதே என்று 1999-ல் கிராண்ட் லாட்ஜ் அறிவித்தது. ‘அங்கீகாரம் கிடையாது, ஆனால் குறையும் இல்லை’ என்ற மாதிரி ஒரு நிலை. 2018-ல் இன்னும் விசித்திரமான ஒன்று வந்தது. ஆணாகச் சேர்ந்த ஒருவர் பிறகு பெண்ணாக மாறினால் அவர் விலக வேண்டியதில்லை என்று வழிகாட்டுதல் கொடுத்தார்கள். ஆக, சட்டப்படி பெண்ணான ஒருவர் லாட்ஜில் உட்காரலாம், பெண்ணாக வந்து சேரத்தான் முடியாது. பிரான்சில் கிராண்ட் ஓரியன்ட், இங்கிலாந்தின் அங்கீகாரத்தை 19-ம் நூற்றாண்டிலேயே இழந்த அமைப்பு, 2010-ல் பெண்களைச் சேர்ப்பதை அந்தந்த லாட்ஜின் விருப்பத்துக்கு விட்டது. அங்கே சங்கம் கலைந்துவிடவில்லை.

ரோட்டரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. 1905-ல் சிகாகோவில் தொடங்கிய அது 80 வருடத்துக்கு மேல் ஆண்கள் சங்கம். உறுப்பினர்களின் மனைவியருக்கென்று 1924-ல் மான்செஸ்டரில் இன்னர் வீல் தனியாகப் பிறந்தது. நம்மில் பலருக்குத் தெரியாதது, ரோட்டரியின் விதியில் இருந்த ‘ஆண்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லி 1950-லேயே தீர்மானம் அனுப்பியது இந்தியாவிலிருந்து ஒரு கிளப் என்பது. 1964-ல் இலங்கையிலிருந்து இன்னொரு கிளப். இரண்டும் எடுபடவில்லை. 1977-ல் கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊரின் கிளப் மூன்று பெண்களைச் சேர்த்தது. மறு வருடம் தலைமையகம் அந்தக் கிளப்பையே நீக்கிவிட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4-ல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கிளப் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 1989-ல் உலகம் முழுக்க விதி மாறியது. 2022-ல் ஒரு பெண் சர்வதேசத் தலைவரானார். லயன்ஸ் 1987-லேயே மாறிவிட்டது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது முடிவல்ல, அதற்குச் சொன்ன காரணம். குடும்பம் மாதிரி நெருக்கமான சின்ன வட்டத்தை அரசு தொடக்கூடாது என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. அப்புறம் ரோட்டரியைப் பார்த்துக் கேட்டது: நீங்கள் அப்படிப்பட்ட வட்டமா? ஆள் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, புதியவர்களை வா வா என்று அழைக்கிறீர்கள், தொழில் தொடர்பு கிடைக்கும் என்பதே உங்கள் பெருமை. அப்படியானால் கதவைச் சாத்த உங்களுக்கு உரிமை குறைவு. கலிபோர்னியாவில் வணிக நிறுவனங்கள் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் இருந்ததால் இது நடந்தது, நம்மிடம் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. ஆனால் அளவுகோல் நல்ல அளவுகோல். மூடிய அறைக்குள் என்ன முடிவாகிறது, வெளியே நிற்பவருக்கு அதனால் என்ன போகிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறது.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஃப்ரீமேசன் மேல் எனக்குக் கோபம் குறைவு. மாதம் ஒருமுறை கூடி, சடங்கு செய்து, சாப்பிட்டு, தர்ம காரியத்துக்குப் பணம் போட்டுப் பிரியும் ஆண்கள் கூட்டம். மகளிர் மட்டும் கூடும் அமைப்புகளும் நம்மிடம் உண்டு, அவற்றில் ஆண்களைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கோபம் வருவது ஊர் கிளப்களைப் பார்த்து. மலையிலும் கீழேயும் உள்ள சில கிளப்களின் பழைய பைலாக்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. அதில் ஒன்றில் இப்படி ஒரு விதி: உறுப்பினரின் மகன் குறிப்பிட்ட வயது வந்ததும் சலுகைக் கட்டணத்தில் முழு உறுப்பினராகலாம். மகள் திருமணமாகும் நாள் வரை ‘சார்ந்தவர்’, தாலி ஏறிய நாளோடு அதுவும் போயிற்று. உறுப்பினர் இறந்தால் மனைவி வந்து டென்னிஸ் ஆடலாம், சாப்பிடலாம், பொதுக்குழுவில் ஓட்டு இல்லை. பெண்களுக்கு அனுமதியில்லை என்று எங்கும் எழுதியிருக்காது. எழுதத் தேவையே இல்லாதபடி கட்டியிருப்பார்கள். யாருக்கு எந்த நிலம் விலைக்கு வருகிறது, எந்த வங்கியில் கடன் சுலபம், எந்த ஆஸ்பத்திரிக்குப் பார்ட்னர் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த மேஜைகளில்தான் முதலில் பேசப்படும். மருத்துவராக நீங்கள் இழப்பது எங்கே அதிகம் என்று யோசித்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நம் மாநிலத்தில் சொத்துச் சட்டம் இதைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. 1989 மார்ச் 25 முதல் இந்துக் குடும்பங்களில், அன்றைக்குத் திருமணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது. டெல்லி அதைச் செய்தது 2005-ல். அந்தச் சட்டம் வந்தபோதும் பரம்பரை வழக்கம் கெட்டுப்போகும் என்று பேச்சு இருந்தது. இன்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வரும் குடும்பங்களில் பெண்பிள்ளையின் கையெழுத்து இல்லாமல் எவரும் நிலம் வாங்கத் துணிவதில்லை. தோட்டத்தில் பங்கு வாங்கிய மகள் அந்தத் தோட்டக்காரர்கள் கூடும் கிளப்பில் விருந்தாளி.

கிளப்பையும் விட்டுக்கொடுத்து விடுவேன். எனக்கு மிகவும் உறுத்துவது நம் ஊர்க்கூட்டம்தான். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சில் அதை விட்டால் நேர்மையாக இருக்காது. மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டுவதற்கு முன்னால் கோயில் வாசலில் கூட்டம் போட்டு வரி தீர்மானிப்பார்கள். வரித் தகராறு வழக்கு ஒன்றில் அந்த நோட்டைச் சான்றாவணமாகப் பார்த்தேன். நீள நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு வரி. இடையிடையே ‘காலமான இன்னார் சம்சாரம்’ என்று மட்டும் எழுதி, எதிரே அரை. அந்தப் பெண்ணுக்கு நோட்டில் பெயரே இல்லை. சில ஊர்களில் அரை வரியும் வாங்குவதில்லை, அதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். வரி வாங்கவில்லை என்றால் கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லை, கூட்டத்தில் உட்காரும் இடமும் இல்லை. ஆனால் அங்கே எடுக்கும் முடிவு அவளையும் கட்டும். தேர் எந்தத் தெருவுக்குள் வரும், பொது நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, எந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை வைக்கக்கூடாது, எல்லாம் அங்கேதான். 2016-லேயே உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்ட மாநிலம் இது. ஊராட்சி மன்றத் தலைவராக நாற்காலியில் இருக்கும் பெண், அதே ஊரின் கோயில் கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரீமேசன் சங்கத்தில் சேராவிட்டால் வாழ்க்கை நடக்கும். ஊர்க்கூட்டத்திலிருந்து ராஜினாமா செய்ய முடியுமா? இந்த வகை வழக்குகளில் சட்டம் இன்னும் தெளிவாகவில்லை. கோயில் யார் நிர்வாகத்தில் இருக்கிறது, வரி எந்த அடிப்படையில் வசூலாகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு பக்கம் போகும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேசன் சடங்கும் தத்துவமும்தான் ஈர்க்கிறது என்றால், ஆண்களும் பெண்களும் சமமாக உட்காரும் அமைப்பு இருக்கிறது. 1882-ல் பாரிஸ் பக்கத்தில் ஒரு லாட்ஜ் துணிந்து மரியா டெரைம் என்ற பெண்ணைச் சேர்த்தது. அவரும் ஜார்ஜ் மார்ட்டினும் 1893-ல் தொடங்கிய ‘லெ துரவா உய்மேன்’ என்ற அமைப்பு அது. நம் அடையாறு அன்னி பெசன்ட் 1902-ல் அதில் சேர்ந்து, இங்கிலாந்திலும் பிறகு இந்தியாவிலும் அதைப் பரப்பினார். அதன் இந்தியக் கூட்டமைப்பு இன்றும் இயங்குகிறது. ஆனால் அதில் சேர்ந்தால் உங்கள் தாத்தாவின் வழி லாட்ஜ்கள் உங்களைச் சகோதரியாக ஏற்காது என்பதையும் தெரிந்துகொண்டே சேருங்கள். ஊருக்கு ஏதாவது செய்யவும் தொழில் தொடர்புக்கும்தான் என்றால் ரோட்டரி, லயன்ஸ் போன்றவற்றில் இன்று தடையில்லை. எல்லா அமைப்பிலும் சேருமுன் பைலாவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யாருக்கு ஓட்டு, யாருக்கு நிர்வாகக் குழுவில் நிற்க உரிமை என்ற இரண்டு விதிகளை மட்டும் பார்த்தாலே போதும், மற்றதெல்லாம் அலங்காரம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நீங்கள் இதைப் பொதுவெளியில் கேட்டிருப்பதால், “ஃப்ரீமேசனில் சேர்த்துவிடுகிறோம், பெண்களுக்கும் உண்டு, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் யாராவது வரக்கூடும். உண்மையான லாட்ஜ், ஆண்களுடையதோ இருபாலருடையதோ, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் முன்மொழிந்து, உங்களை நேரில் சந்தித்து, உறுப்பினர்கள் ரகசிய வாக்குப் போட்ட பிறகுதான் சேர்க்கும். முகம் பார்க்காமல் பணம் கேட்பவர் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்.